ஸ்கேன் சுத்தமாக இருந்தால் பயாப்சி வேண்டாமா?

கேள்வி: எனக்கு வயது 64. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, கும்பகோணம் அருகே வசிக்கிறேன். இரவில் மூன்று, நான்கு முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம்; வீக்கத்திலும் புற்றுநோயிலும் கூடும்) 6.8 என்று வந்தது. வயிற்று ஸ்கேனில் புராஸ்டேட் 48 கிராம், ‘கிரேடு 2 வீக்கம்’ என்று எழுதியிருக்கிறார்கள். சந்தேகப்படும்படி வேறு எதுவும் இல்லை. சிறுநீரில் கிருமித் தொற்றும் இல்லை. தஞ்சாவூரில் பார்த்த யூராலஜிஸ்ட், எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் பயாப்சி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) செய்யலாம் என்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் எம்.ஆர்.ஐ. கூடாது என்கிறார்கள் தெரிந்தவர்கள். கனடாவில் எட்மண்டனில் இருக்கும் என் மகள், மைக்ரோ அல்ட்ராசவுண்ட் என்ற புதிய ஸ்கேன் எம்.ஆர்.ஐ.க்கு நிகரானது என்று அங்கே ஆய்வில் நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறாள். அந்த ஸ்கேனை மட்டும் எடுத்து, அது சுத்தமாக இருந்தால் பயாப்சியைத் தவிர்த்துவிடலாமா? ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்பது உண்மையா? புராஸ்டேட் வீக்கத்துக்காகக் குடும்ப மருத்துவர் எழுதிக்கொடுத்த டாம்சுலோசின், டூட்டாஸ்டெரைடு கலந்த மாத்திரையை ஒன்றரை ஆண்டுகளாக இரவில் சாப்பிட்டு வருகிறேன்.

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி அதன் கடைசி வரியில் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். டூட்டாஸ்டெரைடு என்னும் மருந்து புராஸ்டேட் சுரப்பியைச் சுருக்குவதோடு, இரத்தத்திலுள்ள பி.எஸ்.ஏ. அளவையும் ஆறு மாதங்களுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும். எனவே அதை ஒன்றரை ஆண்டுகளாகச் சாப்பிட்டு வரும் ஒருவருக்கு 6.8 என்று வந்தால், அதை இரண்டால் பெருக்கி, 13 அல்லது 14 என்றுதான் நாங்கள் படிப்போம். மாத்திரையைக் கொடுத்தவர் குடும்ப மருத்துவர், பி.எஸ்.ஏ.யைப் பார்த்தவர் யூராலஜிஸ்ட் என்பதால், இந்தச் செய்தி இருவருக்கும் இடையில் விடுபட்டிருக்கக்கூடும் என்று அஞ்சுகிறேன். வேறு எதைச் செய்வதற்கும் முன்னால், அந்த மாத்திரை அட்டையை யூராலஜிஸ்டிடம் காட்டுங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த பழைய பி.எஸ்.ஏ. அறிக்கை வீட்டில் இருந்தால் அதையும் தேடி எடுத்துச் செல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பி.எஸ்.ஏ. எண்ணைச் சுரப்பியின் அளவால் வகுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பெரிய சுரப்பி இயல்பாகவே கூடுதலாகச் சுரக்கும் என்பதால், வகுத்து வரும் விடை 0.15க்குக் கீழே இருந்தால் சற்று ஆறுதல் அடைவோம். உங்கள் 6.8ஐ 48ஆல் வகுத்தால் 0.14 வருகிறது, மாத்திரையைப் பற்றி அறியாதவர் ‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட இடமிருக்கிறது. மாத்திரையைக் கணக்கில் சேர்த்தால், அதனால் சுரப்பி ஓரளவு சுருங்கியிருக்கும் என்பதையும் விட்டுக்கொடுத்துப் பார்த்தால்கூட, விடை 0.2ஐத் தாண்டுகிறது. இது புற்றுநோய் இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல. ஆனால், தள்ளிப்போடாமல் பார்த்துவிட வேண்டிய எண் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடுத்து, வயிற்று ஸ்கேனில் ‘சந்தேகப்படும்படி எதுவும் இல்லை’ என்ற வரி. நம் ஊரில் எல்லாவற்றையும் ‘ஸ்கேன்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் வரும் குழப்பம் இது. வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுக்கும் ஸ்கேன், புராஸ்டேட் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு தேங்கி நிற்கிறது, சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றனவா என்பவற்றை நன்றாகக் காட்டும். புராஸ்டேட்டுக்குள் புற்றுநோய் இருக்கிறதா என்பதை அது காட்டாது. அதைக் காட்டுவதற்காக எடுக்கப்படுவதும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் முதுகுவலியோடு என்னிடம் வந்த பெரியவர் ஒருவர், ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று ஆண்டுகளின் வயிற்று ஸ்கேன் அறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். மூன்றிலும் ‘புராஸ்டேட் வீக்கம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மூன்று ஆண்டுகளிலும் ஒருமுறைகூட அவருக்கு பி.எஸ்.ஏ. பார்க்கப்படவில்லை, விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையும் செய்யப்படவில்லை. ஆரோக்கியமான சுரப்பி விரலுக்கு மூக்கு நுனியைப் போல நெகிழ்வாகத் தட்டுப்படும். அவருடையது நெற்றி எலும்பைத் தொடுவது போல இருந்தது. நோய் அதற்குள் முதுகெலும்பை எட்டியிருந்தது. அந்த உறையை நான் மறக்கவில்லை.

இனி நீங்கள் கேட்ட மேம்பட்ட அல்ட்ராசவுண்டுக்கு வருகிறேன். அல்ட்ராசவுண்ட் என்பது காதுக்கு எட்டாத ஒலி. அந்த ஒலியின் அதிர்வெண் கூடக் கூட நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். கோயில் திருவிழாவில் தவிலின் கனத்த ஓசை நான்கு தெரு தாண்டியும் கேட்கும். நாயனத்தின் மெல்லிய அசைவுகளைக் கேட்க வேண்டுமானால் மேடைக்கு அருகில் போய் உட்கார வேண்டும். வயிற்று ஸ்கேனில் பயன்படுவது பொதுவாக 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண். அது ஆழமாகப் போகும், ஆனால் நுணுக்கம் போதாது. புராஸ்டேட் மலக்குடலின் முன்சுவரை ஒட்டியே இருக்கிறது. புற்றுநோய்களில் பெரும்பாலானவை, ஏறத்தாழ 70 விழுக்காடு, அந்தச் சுவரை ஒட்டிய வெளிப்பகுதியில்தான் தோன்றுகின்றன. ஆகவே கருவியை ஆசனவாய் வழியாக உள்ளே வைத்துப் பார்த்தால், மேடைக்கு அருகில் உட்கார்ந்தது போல ஆகிவிடுகிறது. ஜப்பானிய மருத்துவர் ஹிரோகி வட்டனாபே 1960களின் இறுதியில், நோயாளி உட்காரும் நாற்காலியிலேயே கருவியைப் பொருத்தி, இந்த வழியில் முதன்முதலாகப் பயனுள்ள படங்களை எடுத்தார்.

ஆனால் மலக்குடல் வழியாக எடுக்கும் வழக்கமான ஸ்கேனிலும் ஒரு பெரிய குறை உண்டு. புற்றுநோய்ப் பகுதி சுற்றியுள்ள திசுவைவிடக் கறுத்துத் தெரியும் என்பது பாடம். நடைமுறையில் பல புற்றுநோய்கள் சுற்றியுள்ள திசுவின் நிறத்திலேயே ஒளிந்து நிற்கின்றன. அதனால்தான் பல்லாண்டுகளாக, சந்தேகத்துக்குரிய இடத்தைக் குறிவைக்க முடியாமல், சுரப்பியைப் பகுதி பகுதியாகப் பிரித்து 10, 12 இடங்களில் ஊசி செலுத்தித் திசு எடுத்து வந்தோம். பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான புரோமிஸ் ஆய்வு, அப்படி எடுக்கும் பயாப்சி கவலைக்குரிய (அதாவது, வெறுமனே கண்காணித்தால் போதாத) புற்றுநோய்களில் 48 விழுக்காட்டை மட்டுமே பிடிக்கிறது என்றும், எம்.ஆர்.ஐ. 93 விழுக்காட்டைச் சுட்டிக்காட்டுகிறது என்றும் கண்டறிந்தது. முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பயாப்சியே இல்லாமல் வீடு திரும்பலாம் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. உங்கள் யூராலஜிஸ்ட் எம்.ஆர்.ஐ.யை முன்னால் வைத்ததற்குப் பின்னணி இதுதான்.

அல்ட்ராசவுண்டை மேம்படுத்தும் முயற்சிகள் பல வழிகளில் நடந்தன. திசுவின் கடினத்தன்மையை அளக்கும் எலாஸ்டோகிராபி அவற்றில் ஒன்று: நான் மேலே சொன்ன விரல் பரிசோதனையை இயந்திரம் எண்களில் செய்வது போன்றது அது. இரத்தச் சிவப்பணுவைவிடச் சிறிய வாயுக் குமிழிகளை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி, புற்றுநோயைச் சுற்றி முளைக்கும் புதிய இரத்த நாளங்களைப் பார்ப்பது இன்னொன்று. அந்த வாயு மூச்சோடு வெளியேறிவிடுவதால் சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. இவற்றையும், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் முறையை எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிட்ட கேட்மஸ் ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஒரே நோயாளிக்கு இரண்டையும் செய்து பார்த்ததில், அல்ட்ராசவுண்ட் முறை கவலைக்குரிய புற்றுநோய்களை எம்.ஆர்.ஐ.யைவிட 4.3 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாகக் கண்டது. அதே வேளையில் 11.1 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலானவர்களைப் பயாப்சிக்கு அனுப்பியது. எம்.ஆர்.ஐ. கிடைக்காத இடத்தில் இது பயன்படும், கிடைக்கும் இடத்தில் அதற்கு மாற்றாகாது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் மகள் சொல்வது இவற்றைவிட ஒரு படி மேலே உள்ளது. மைக்ரோ அல்ட்ராசவுண்ட் 29 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. 70 மைக்ரான் வரை, அதாவது ஒரு தலைமுடியின் பருமன் அளவுக்கு, பிரித்துக் காட்டுகிறது. புராஸ்டேட்டுக்குள் இருக்கும் நுண்ணிய நாளங்கள் அந்த அளவிலானவை என்பதால், இந்தக் கருவியில் சுரப்பியின் அமைப்பே கண்ணுக்குத் தெரிகிறது. ஆரோக்கியமான வெளிப்பகுதி, ஆப்பத்தின் நடுவில் தெரிவது போன்ற சின்னச் சின்னத் துளைகளோடு ஒழுங்காக இருக்கும். புற்றுநோய் வளரும் இடத்தில் அந்தத் துளைகள் மறைந்து, கரும்பலகையை ஈரத் துணியால் அரைகுறையாகத் துடைத்தது போல மங்கியோ, பூக்கோசைக் குறுக்கே வெட்டியது போலத் திரண்டோ தெரியும். சில நேரங்களில் மங்கிய திசுவுக்குள் பொடிப்பொடியான வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இவற்றை வைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறோம். 3க்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கிறது. கருவி உள்ளே இருக்கும்போதே, கண்ணால் பார்க்கும் அதே இடத்துக்கு ஊசியைச் செலுத்தித் திசு எடுக்க முடிகிறது என்பது இதன் பெரிய வசதி. எம்.ஆர்.ஐ. படத்தை ஒரு நாள் எடுத்து, பிறகு வேறொரு நாள் அதை அல்ட்ராசவுண்ட் படத்தின் மேல் பொருத்திப் பார்க்கும்போது ஏற்படக்கூடிய இடப்பிசகு இதில் இல்லை.

இதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒலி சில சென்டிமீட்டருக்கு மேல் போகாததால், மிகப் பெரிய சுரப்பியின் முன்பக்கம், மலக்குடலிலிருந்து தொலைவில் இருக்கும் கட்டி தப்பிவிடலாம். சுரப்பிக்குள் சுண்ணாம்புப் படிவுகள் இருந்தால் அவற்றுக்குப் பின்னால் நிழல் விழுந்து, அந்தப் பகுதி தெரியாமல் போகும். எல்லாவற்றையும்விட, பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது இது: மங்கல் எது, இயல்பு எது என்று கண் பழகுவதற்குப் பல நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். கருவி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இப்போது அந்த ஆய்வு. எட்மண்டனிலுள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஆடம் கின்னெர்ட் தலைமையில் நடந்த ஆப்டிமம் ஆய்வு 2025இல் வெளியானது. அதுவரை பயாப்சி செய்துகொள்ளாத 678 ஆண்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மைக்ரோ அல்ட்ராசவுண்டின் வழிகாட்டலிலும், ஒரு குழுவுக்கு எம்.ஆர்.ஐ. படத்தை வழக்கமான அல்ட்ராசவுண்டோடு இணைத்தும், இன்னொரு குழுவுக்கு எம்.ஆர்.ஐ.யையும் மைக்ரோ அல்ட்ராசவுண்டையும் சேர்த்தும் பயாப்சி செய்தார்கள். கவலைக்குரிய புற்றுநோய் முதல் குழுவில் 47 விழுக்காட்டினரிடமும், மற்ற இரு குழுக்களிலும் ஏறத்தாழ 43 விழுக்காட்டினரிடமும் கண்டறியப்பட்டது. மைக்ரோ அல்ட்ராசவுண்ட் எம்.ஆர்.ஐ.க்குக் குறைந்ததல்ல என்பது இதிலிருந்து சரியாகவே பெறப்படுகிறது. உங்கள் மகள் தவறாக எதையும் சொல்லவில்லை. ‘47 விழுக்காடு’ என்பதை, கருவி பாதியைத்தான் பிடிக்கிறது என்று பொருள்கொள்ள வேண்டாம். பரிசோதிக்கப்பட்டவர்களில் மீதிப் பேருக்குக் கவலைக்குரிய நோய் காணப்படவில்லை என்பதே அதன் பொருள். உங்களுக்கும் அது ஓரளவு ஆறுதலாக இருக்கட்டும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு அந்த ஆய்வு விடை சொல்லவில்லை. அதில் ஒவ்வொருவருக்கும் பயாப்சி செய்யப்பட்டது. சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து எடுத்ததோடு நிற்காமல், சுரப்பி முழுவதிலிருந்தும் வழக்கமான மாதிரிகளையும் எடுத்தார்கள். எங்கே ஊசி செலுத்த வேண்டும் என்பதைக் காட்டுவதில் மைக்ரோ அல்ட்ராசவுண்ட் எம்.ஆர்.ஐ.க்கு இணையாக நின்றதா என்பதே அங்கே சோதிக்கப்பட்டது. மைக்ரோ அல்ட்ராசவுண்ட் சுத்தமாக இருந்தால் ஊசியே வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பலாமா என்பது சோதிக்கப்படவில்லை. அந்தத் துணிவை இன்று நமக்குத் தரும் பரிசோதனை எம்.ஆர்.ஐ. மட்டுமே, அதுவும் பி.எஸ்.ஏ., சுரப்பியின் அளவு, விரல் பரிசோதனை, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்பவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான். உங்கள் அப்பாவுக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ புராஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தால், அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆகவே, பயாப்சியைத் தவிர்க்க வேண்டும் என்பதே உங்கள் விருப்பமானால், அதற்கான வழி நீங்கள் தவிர்க்க நினைக்கும் எம்.ஆர்.ஐ. வழியாகத்தான் போகிறது. ஸ்டென்டைப் பற்றிய அச்சத்தை விட்டுவிடலாம்: இதயத் தமனிகளில் இப்போது வைக்கப்படும் ஸ்டென்டுகள் எம்.ஆர்.ஐ.க்குத் தடையல்ல. ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அட்டையை எடுத்துச் சென்று, ஸ்கேன் அறைக்குள் போவதற்கு முன்பே அங்குள்ளவர்களிடம் காட்டினால் போதும். சிறுநீரகத்தின் நிலையை அறிய கிரியாட்டினின் பரிசோதனை ஒன்று கேட்பார்கள். எம்.ஆர்.ஐ.யை பயாப்சிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஊசி பட்ட இடங்களில் உறையும் இரத்தம் பல வாரங்களுக்குப் படத்தைக் குழப்பிவிடும்.

மைக்ரோ அல்ட்ராசவுண்டை நான் குறைத்துப் பேசவில்லை. பழைய வகை பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கும், இரு இடுப்பு மூட்டிலும் உலோகம் பொருத்தியிருப்பதால் படம் சிதைந்து வருபவருக்கும், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க முடியாமல் மூச்சுத் திணறி எழுந்து வந்துவிடுபவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எம்.ஆர்.ஐ.க்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாடுகளில், ஒரே நாளில் பார்த்து ஒரே நாளில் திசு எடுக்க முடிவது பெரிய ஆறுதல். கனடாவிலிருந்து இந்த ஆர்வம் கிளம்பியதில் வியப்பில்லை. உங்கள் நிலை வேறு. எம்.ஆர்.ஐ. உங்களுக்குத் தஞ்சாவூரிலேயே கிடைக்கும். இந்தக் கருவியோ எல்லா ஊர்களிலும் இல்லை. இதற்காகவே விமானம் ஏறுவதிலோ, அது கிடைக்கும் வரை காத்திருப்பதிலோ எனக்கு உடன்பாடு இல்லை.

ஊசியைப் பற்றிய பயத்தையும் பேசிவிடுவோம். ‘கத்தி பட்டால் பரவும், ஊசி பட்டால் பரவும்’ என்ற பேச்சைக் கேட்டு வளராதவர் நம்மிடையே குறைவு. புராஸ்டேட் பயாப்சியில் ஊசித் தடம் வழியே புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது. பரவிய நிலையில் வருபவர்களில் பெரும்பாலோர் பயாப்சிக்குத் தாமதித்து வந்தவர்கள் என்பதால்தான் பழி ஊசியின் மேல் விழுகிறது. பயாப்சியின் உண்மையான அபாயம் கிருமித் தொற்று. மலக்குடல் சுவரைத் துளைத்துத் திசு எடுக்கும்போது அங்குள்ள கிருமிகள் இரத்தத்தில் கலக்கலாம். பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத கிருமிகள் நம் நாட்டில் மிகுந்திருப்பதால் இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாக ஊசி செலுத்தினால் இந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது. உங்களுக்குப் பயாப்சி தேவை என்று முடிவானால், அந்த வழியில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். எந்த வழியானாலும் ஊசிக்கு வழிகாட்டுவது மலக்குடலில் வைத்த அல்ட்ராசவுண்ட்தான் என்பதால், நீங்கள் விரும்பிய ஸ்கேன் ஏதோ ஒரு வடிவில் உங்களுக்கு வந்து சேரும். மரத்துப்போகும் ஊசி போட்டே செய்யலாம். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில நாட்கள் சிறுநீரிலும், சில வாரங்கள் விந்திலும் இரத்தச் சாயல் தெரிவது வழக்கம். குளிர்காய்ச்சல் கண்டால் மட்டும், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஸ்டென்டுக்காக நீங்கள் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவீர்கள். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தாமலேயே பயாப்சி செய்யலாம். குளோபிடோகிரலைச் சில நாட்கள் நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டில் எதையும் இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஒருவேளை புற்றுநோய் என்றே வந்தாலும், அடுத்த வாரமே அறுவைச் சிகிச்சை என்று பொருளல்ல. நுண்ணோக்கியில் திசுவைப் பார்த்து கிளீசன் மதிப்பெண் தருவார்கள். மிகக் குறைந்த மதிப்பெண்ணான 6 என்றால், பெரும்பாலும் சிகிச்சையே இல்லாமல், குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ.யும் எம்.ஆர்.ஐ.யும் பார்த்துக் கண்காணிப்பதுதான் இன்றைய நடைமுறை. அதற்கு மேற்பட்டவை சுரப்பிக்குள் அடங்கியிருக்கும்போதே தெரிந்துவிட்டால், அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சோ முழுமையாகக் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம்.

இந்த வாரமே யூராலஜிஸ்டை மறுபடி பாருங்கள். டூட்டாஸ்டெரைடு மாத்திரை அட்டை, பழைய பி.எஸ்.ஏ. அறிக்கைகள், ஸ்டென்ட் அட்டை, வயிற்று ஸ்கேன் அறிக்கை ஆகிய நான்கையும் ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். விரல் பரிசோதனை இதுவரை செய்யப்படவில்லை என்றால் கூச்சப்படாமல் செய்துகொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் பி.எஸ்.ஏ. மெல்ல ஏறத் தொடங்கி, கணக்கு இன்னும் சிக்கலாகிவிடும். எம்.ஆர்.ஐ. அறிக்கை வந்ததும், அதிலும் சந்தேகத்தின் அளவைக் காட்ட இடப்படும் 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணையும் சுரப்பியின் அளவையும் எனக்கு எழுதுங்கள். உங்கள் மகளுக்கும் அனுப்பிவையுங்கள்.